பக்கம் மாறாமல் முகவரி மட்டும் மாற வேண்டுமா?

வலைத்தளம் அமைப்போருக்கான வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைச் சுற்றியே இருக்கின்றன. படிவத்தை அனுப்பியதும் பக்கம் மறுபடி திறக்காமலே முடிவுகள் வந்துவிடுகின்றன. உலாவியின் முகவரிப் பட்டை மட்டும் பழையபடியே நிற்கிறது, அல்லது மாறக் கூடாத விதத்தில் மாறுகிறது. ஆகவே இம்முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டுமே பதில் தருகிறோம்.

கேள்வி: பழைய புத்தகங்கள் விற்கும் தளம் ஒன்றை நடத்துகிறேன். ஊர், பொருள், விலை ஆகியவற்றை நிரப்பித் தேடும் படிவம் அதில் உண்டு. முன்பு ஒவ்வொரு தேடலுக்கும் பக்கம் முழுவதும் மறுபடி திறக்கும். இப்போது ஃபெட்ச் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை மூலம் சர்வரிடம் கேட்டு, முடிவுகளை அதே பக்கத்தில் காட்டுகிறேன். வேகம் கூடியது உண்மை. ஆனால் ஒருவர் தாம் தேடிக் கண்ட பட்டியலின் முகவரியை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், நண்பருக்கு வெற்றுப் படிவம்தான் திறக்கிறது. பக்கத்தை மறுபடி ஏற்றாமல் முகவரியை மாற்ற வழி உண்டா?
– மதுரை வாசகர்

பதில்: உண்டு. ஹிஸ்டரி.புஷ்ஸ்டேட் என்னும் கட்டளை இதற்காகவே இருக்கிறது. ஆனால் அதை ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்தால் பாதி வேலைதான் முடியும். மீதிப் பாதியை விட்டுவிட்டவர்களிடமிருந்து வந்த கடிதங்களே இந்தப் பகுதியில் அடுத்தடுத்து வருகின்றன.

முதலில், உங்கள் கையைவிட்டுப் போனது என்ன என்று பாருங்கள். கெட் முறையில் அனுப்பப்படும் சாதாரணப் படிவத்தில், நிரப்பியவற்றை முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னால் சேர்ப்பதும், அந்த முகவரியை வரலாற்றில் பதிவதும், பேக் பொத்தானை அழுத்தினால் முந்தைய தேடலுக்குத் திரும்புவதும் உலாவியே தானாகச் செய்யும் வேலைகள். படிவத்தின் சப்மிட் நிகழ்வில், உலாவியின் இயல்பான செயலைத் தடுக்கும் ப்ரிவென்ட்டிஃபால்ட் என்பதை எழுதிய அந்தக் கணத்தில் இவை அனைத்தையும் நீங்கள் உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். சர்வரிடம் கேட்பதையும் விடையைத் திரையில் இடுவதையும் செய்தீர்கள். முகவரியும் வரலாறும் விடுபட்டுப் போயின.

இனி செய்ய வேண்டியது. படிவத்தை ஃபார்ம்டேட்டாவாக எடுத்து யுஆர்எல்சர்ச்பாரம்ஸ் என்பதிடம் கொடுத்தால், புலங்களின் பெயர்களையும் மதிப்புகளையும் இணைத்து முகவரிக்கு ஏற்ற சரமாக அது தந்துவிடும். அதற்கு முன் காலியாக விடப்பட்ட புலங்களை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே தேடலுக்கு நான்கைந்து விதமான முகவரிகள் உண்டாகும். கிடைத்த சரத்தைக் கொண்டு

/தேடல்?ஊர்=மதுரை&பொருள்=வரலாறு&விலை=200

என்பது போன்ற முகவரியை அமைத்து, அதைப் புஷ்ஸ்டேட்டின் மூன்றாவது இடத்தில் தாருங்கள். முதலிடத்தில் உங்களுக்கு வேண்டிய சிறு தகவலைப் பொருளாக வைக்கலாம். தேவையில்லை என்றால் வெற்று மதிப்பைக் குறிக்கும் ‘நல்’ போதும். இரண்டாவது இடம் பக்கத் தலைப்புக்கென்று முற்காலத்தில் ஒதுக்கப்பட்டது; உலாவிகள் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை, ஆகவே வெற்றுச் சரம் கொடுத்தால் போதுமானது. தலைப்பை மாற்ற வேண்டுமானால் டாக்குமென்ட்.டைட்டில் என்பதில் தனியாக எழுத வேண்டும். அதை அவசியம் எழுதுங்கள். பேக் பொத்தானை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் ஒரே தலைப்பு ஏழெட்டு முறை வரிசையாக நின்றால் யாருக்கும் பயனில்லை.

புஷ்ஸ்டேட்டை எப்போது அழைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பலர் பொத்தான் அழுத்தப்பட்டவுடன் முகவரியை மாற்றிவிட்டு, பிறகு சர்வரிடம் கேட்கிறார்கள். இணைப்பு அறுந்தாலோ சர்வர் பிழை தந்தாலோ முகவரி புதிய தேடலைச் சொல்லும், திரையில் பழைய பட்டியல் இருக்கும். சாதாரண இணைப்பைச் சொடுக்கும்போது உலாவி என்ன செய்கிறது என்பதே இங்கு நல்ல வழிகாட்டி: சர்வரிடமிருந்து பதில் வரத் தொடங்கிய பிறகுதான் வரலாற்றில் புதிய பதிவு ஏறுகிறது. நீங்களும் விடை நல்லபடியாக வந்ததை உறுதி செய்து, முகவரியை மாற்றி, உடனே முடிவுகளைத் திரையில் இடுங்கள்.

இதுவரை சொன்னது முகவரியை எழுதுவது. அதே முகவரியைப் படித்துப் பக்கத்தை அமைப்பது வேலையின் மறுபாதி. நண்பர் அந்த முகவரியைத் திறக்கும்போது உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் எதையும் நினைவில் வைத்திருக்காது; கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதை மட்டுமே நம்பிப் படிவத்தை நிரப்பி முடிவுகளைக் காட்ட வேண்டும். இதைச் சர்வரிலேயே செய்வது மேல் என்பேன். நீங்கள் முன்பு பக்கம் முழுவதையும் மறுபடி திறந்த காலத்தில் இதே வேலையைச் சர்வர் செய்துகொண்டுதான் இருந்தது. அந்த நிரலை நீக்கியிருந்தால் திரும்பக் கொண்டுவாருங்கள். படிவத்தின் ஆக்‌ஷன், மெத்தட் ஆகிய பண்புகளையும் (எந்த முகவரிக்கு, எந்த முறையில் அனுப்புவது என்பவை) அழிக்காதீர்கள். ஏதோ ஒரு காரணத்தால் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றப்படாமல் போனாலும், அப்போது படிவம் பழைய வழியில் சென்று அதே முகவரியில், அதே முடிவுகளுடன் போய் நிற்கும். வேகமான வழியும் மெதுவான வழியும் ஒரே முகவரியில் வந்து சேர்கின்றனவா என்பதே உங்களுக்கான சோதனை. தேடியபின் முகவரியை நகலெடுத்து மறைநிலைச் சாளரத்தில் ஒட்டிப் பாருங்கள். அங்கு வெற்றுப் படிவம் வந்தால் புஷ்ஸ்டேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, படிக்கும் பகுதியைத்தான் திருத்த வேண்டும்.

மற்றொன்று. பக்கம் புதிதாகத் திறக்கும்போது திரைவாசிப்பு மென்பொருள்கள் தலைப்பை அறிவிக்கும். புஷ்ஸ்டேட்டால் முகவரி மாறும்போது எதையும் அறிவிப்பதில்லை. ஆகவே பார்வையற்ற வாசகருக்குப் பொத்தானை அழுத்தியபின் ஒன்றுமே நடக்காதது போல் தோன்றும். ‘12 புத்தகங்கள் கிடைத்தன’ என்பது போன்ற ஒரு வரியை ரோல் என்ற பண்பில் ஸ்டேட்டஸ் என்று குறித்த இடத்தில் எழுதினால், அது வாசித்துக் காட்டப்படும்.

கேள்வி: புஷ்ஸ்டேட் பயன்படுத்துகிறேன். முகவரி சரியாக மாறுகிறது. ஆனால் பேக் பொத்தானை அழுத்தினால் முகவரி மட்டும் பின்னால் போகிறது, பட்டியல் அப்படியே நிற்கிறது. வேறொரு பக்கத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை: தேடல் பெட்டியில் எழுத எழுத முடிவு மாறும்படி அமைத்திருக்கிறேன், அங்கிருந்து வெளியேற இருபது முறை பேக் அழுத்த வேண்டியிருக்கிறது.
– சேலம் வாசகர்

பதில்: முதல் தொல்லைக்குக் காரணம் பாப்ஸ்டேட் நிகழ்வை நீங்கள் கவனிக்காததுதான். புஷ்ஸ்டேட் மூலம் ஏறிய பதிவுகளுக்கிடையே பயனர் முன்னும் பின்னும் செல்லும்போது உலாவி முகவரியை மட்டும் மாற்றிவிட்டு, ‘இந்த இடத்துக்கு வந்திருக்கிறோம்’ என்று பாப்ஸ்டேட் வழியாக உங்களிடம் சொல்கிறது. பட்டியலை மாற்றுவது உங்கள் வேலை. அந்த நிகழ்வில் தற்போதைய முகவரியைப் படித்து, முடிவுகளைக் காட்டும் அதே செயற்கூற்றை அழையுங்கள். படிவத்தின் புலங்களையும் அதற்கேற்ப மாற்றுங்கள், ஏனெனில் பட்டியல் மதுரைக்கும் பெட்டி சேலத்துக்கும் நிற்பதைக் காட்டிலும் குழப்பம் தருவது வேறில்லை. அங்கே மறந்தும் புஷ்ஸ்டேட்டை மறுபடி அழைத்துவிடாதீர்கள். பின்னால் போக முயலும் பயனரை ஒவ்வொரு முறையும் முன்னால் தள்ளும் பொறி அது. நீங்கள் புஷ்ஸ்டேட்டை அழைக்கும்போது பாப்ஸ்டேட் எழாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பலர் அது எழும் என்று எதிர்பார்த்து, முடிவுகளை அதற்குள் மட்டும் வரைந்துவிட்டு விழிக்கிறார்கள்.

இரண்டாவது தொல்லைக்கு மருந்து ரிப்ளேஸ்ஸ்டேட். அது புதிய பதிவை ஏற்றாமல், இருக்கும் பதிவின் முகவரியை மட்டும் மாற்றும். எதற்கு எது என்று முடிவு செய்ய ஒரே கேள்வி போதும்: பயனர் பேக் அழுத்தும்போது இந்த நிலைக்குத் திரும்ப விரும்புவாரா? ‘தேடு’ என்ற பொத்தானை அழுத்தி முடித்த தேடலுக்கு விரும்புவார். ‘வர’ என்று பாதி எழுதிய நிலைக்கு விரும்ப மாட்டார். பட்டியலின் அடுத்த பக்கத்துக்குப் போனால் புஷ், விலை வரிசையை ஏறுமுகமாக மாற்றினால் ரிப்ளேஸ் என்பது நான் பின்பற்றும் வழக்கம். வரிசை மாற்றத்துக்கும் புஷ் வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. அதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை.

எழுத எழுத மாறும் தேடலில் இன்னும் இரண்டு இடர்கள் உள்ளன. முதலாவது, உலாவிகளே இதற்கு எல்லை வகுத்திருக்கின்றன: சஃபாரியில் சில நொடிகளுக்குள் 100 முறைக்கு மேல் இக்கட்டளைகளை அழைத்தால் பாதுகாப்புப் பிழை எழும் என்ற கட்டுப்பாடு வெகுகாலமாக இருந்துவருகிறது. 2019இல் வந்த குரோம் 75ஆம் பதிப்பிலிருந்து, பயனர் பக்கத்தைத் தொடாமலே நிரல் தானாக ஏற்றிய பதிவுகளைப் பேக் பொத்தான் தாண்டிச் செல்கிறது. பயனரைப் பக்கத்திலேயே அடைத்துவைக்கும் விளம்பரத் தளங்களுக்காக வந்த ஏற்பாடு இது என்றாலும், பக்கம் திறந்தவுடன் தானாகப் புஷ்ஸ்டேட் அழைக்கும் நல்ல தளங்களும் இதில் அகப்படுகின்றன. ஆகவே எழுத்து நின்று கால் நொடி போல் கழிந்த பிறகே முகவரியைத் தொடுங்கள். இரண்டாவது, விடைகள் கேட்ட வரிசையில் வருவதில்லை. ‘வர’ என்பதற்கான விடை, ‘வரலாறு’ என்பதற்கான விடைக்குப் பின்னால் வந்து சேர்ந்தால், முகவரியில் வரலாறும் திரையில் வேறு ஏதோவும் நிற்கும். புதிய கேள்வியை அனுப்புமுன் அபார்ட்கன்ட்ரோலர் கொண்டு பழைய கேள்வியை ரத்து செய்துவிட்டால் இந்தச் சண்டை எழாது.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் புகார் பதிவு செய்யும் படிவம் போஸ்ட் முறையில் (நிரப்பியவை முகவரியில் சேராத முறை) ஃபெட்ச் மூலம் செல்கிறது. பதிவானதும் சர்வர் புகார் எண்ணைத் தருகிறது. முகவரியை /புகார்/புதிது என்பதிலிருந்து /புகார்/4512 என்று மாற்ற வேண்டும். புஷ்ஸ்டேட்டா, ரிப்ளேஸ்ஸ்டேட்டா? சர்வர் வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டால் அந்த முகவரியை ஃபெட்ச்சில் எப்படி அறிவது?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதையே முதலில் எண்ணிப் பாருங்கள்: லொகேஷன்.ரிப்ளேஸ் என்று எழுதி, உலாவியை உண்மையாகவே அந்தப் புதிய பக்கத்துக்கு அனுப்பிவிடுவது. புகார் பதிவானபின் பயனர் காண்பது முற்றிலும் வேறு பக்கம். அங்கே படிவம் இல்லை, நிலவரம் இருக்கிறது. பக்கத்தில் முக்கால்வாசி மாறப் போகிறது என்றால், ஜாவாஸ்கிரிப்ட்டைக் கொண்டு அதைத் துண்டு துண்டாக மாற்றி, முகவரியைத் தனியே திருத்தி, தலைப்பைத் தனியே திருத்தி அல்லாடுவதில் மிச்சமாவது ஒரு நொடிக்கும் குறைவான நேரமே. பத்துத் தளங்களில் இப்படிப் புஷ்ஸ்டேட் போடப்பட்டிருந்தால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து.

பக்கத்தை மாற்றாமல்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், ரிப்ளேஸ்ஸ்டேட் பயன்படுத்துங்கள். புஷ்ஸ்டேட் போட்டால், பயனர் பேக் அழுத்தும்போது நிரப்பிய படிவம் மறுபடி எதிரே நிற்கும். ‘அனுப்பவில்லை போலிருக்கிறது’ என்று எண்ணி அவர் மறுபடி அனுப்புவார். ஒரே புகார் இரண்டு எண்களில் பதிவாகும். இதைத் தடுக்க முகவரியை மட்டும் நம்பாமல், படிவம் திறக்கும்போதே ஒரு முறை மட்டும் செல்லுபடியாகும் மறைகுறி ஒன்றை அதில் வைத்து, அதே குறி இரண்டாம் முறை வந்தால் சர்வர் முதல் புகாரின் எண்ணையே திருப்பித் தருமாறு அமைப்பது நல்லது.

திருப்பிவிடும் முகவரியைப் பற்றி: சர்வர் 303 என்ற குறியுடன் வேறு முகவரியைத் தந்தால், ஃபெட்ச் உங்களைக் கேட்காமலே அதைப் பின்தொடர்ந்து கெட் முறையில் புதிய பக்கத்தைக் கொண்டுவந்துவிடும். இடையில் வந்த லொகேஷன் தலைப்பை (பக்கத் தலைப்பு அன்று, விடையோடு சர்வர் அனுப்பும் ஹெடர் வரி) உங்கள் நிரலால் படிக்க முடியாது. ஆனால் கடைசியில் எந்த முகவரியிலிருந்து விடை வந்ததோ அது ரெஸ்பான்ஸ்.யுஆர்எல் என்பதில் இருக்கும். திருப்பப்பட்டதா என்பதை ரெஸ்பான்ஸ்.ரீடைரக்டட் சொல்லும். வேறு முகவரிக்குத் திருப்பும் இன்னொரு குறியான 302க்குப் பதில் 303 தருவதற்குக் காரணம் உண்டு. போஸ்ட் கேள்விக்கு இரண்டும் ஒரே பலனைத் தந்தாலும், புட், பேட்ச், டெலீட் போன்ற முறைகளில் 302 வந்தால் ஃபெட்ச் அதே முறையில் அடுத்த முகவரியையும் தட்டும். நீக்கு என்ற கட்டளை பட்டியல் பக்கத்தின் கதவில் போய் விழும். 303 வந்தால் கெட் ஆக மாறிவிடும். ரெயில்ஸ் என்னும் வலைநிரல் சட்டகத்துடன் பயன்படும் டர்போ நூலகம், வெற்றியானால் 303 திருப்பலும் படிவத்தில் பிழையானால் 422ம் தருமாறு கேட்பது இதனாலேயே. இன்னொரு முறையும் புழக்கத்தில் உள்ளது: திருப்பாமல் 201 என்ற குறியைத் தந்து, புதிய பதிவின் முகவரியை லொகேஷன் தலைப்பில் வைப்பது. அப்போது நிரலால் அதைப் படிக்க முடியும். சர்வர் வேறு டொமைனில் இருந்தால் மட்டும், அந்தத் தலைப்பைப் படிக்கலாம் என்று அது வெளிப்படையாக அனுமதி தர வேண்டும்.

/புகார்/4512 என்பதைப் பார்த்த எவருக்கும் 4511ஐத் திறந்து பார்க்கத் தோன்றும். பழைய முறையில் அந்த எண் முகவரியில் தெரியாமல் இருந்ததால் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். முகவரியை வெளிக்காட்டுமுன், அதைக் கேட்பவருக்கு அந்தப் புகாரைப் பார்க்க உரிமை உண்டா என்று சர்வர் சரிபார்ப்பதை உறுதி செய்யுங்கள்.

கேள்வி: என் தளத்தில் ஊர்ப் பெயர்கள் தமிழில் உள்ளன. புஷ்ஸ்டேட் செய்தபின் முகவரியை நகலெடுத்து அனுப்பினால் விழுக்காட்டுக் குறிகளாக நீண்டு போகிறது. சில ஊர்களுக்கு முடிவே வருவதில்லை.
– யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: நீள்வது பிழையன்று. முகவரியில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே நேரடியாகச் செல்லலாம். மற்றவை யுடிஎஃப்-8 என்னும் குறியாக்க முறையில் பைட்டுகளாக்கப்பட்டு, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று எழுத்துகளாகும். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் தேவை. ஆக, ‘மதுரை’ என்பதில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்ற ஐந்து குறியீடுகளும் முகவரியில் 45 எழுத்துகளாகின்றன. ‘திருச்சிராப்பள்ளி’ 153 ஆகிறது. முகவரிப் பட்டை தமிழில் காட்டினாலும், நகலெடுக்கும்போது பெரும்பாலும் இந்த நீண்ட வடிவம்தான் வரும். அச்சில் தருவதற்கோ குறுஞ்செய்தியில் அனுப்புவதற்கோ முகவரி சுருக்கமாக வேண்டுமென்றால் ஊர்ப் பெயருக்குப் பதில் ஊர் எண்ணை முகவரியில் வையுங்கள்.

முடிவு வராததற்கு இரண்டு காரணங்களைச் சோதியுங்கள். யுஆர்எல்சர்ச்பாரம்ஸ் தானே குறியாக்கம் செய்கிறது. அதற்குக் கொடுக்குமுன் நீங்களும் என்கோடுயுஆர்ஐகம்போனென்ட் செய்திருந்தால் இருமுறை குறியாக்கம் நடந்து, விழுக்காட்டுக் குறியே %25 என்று மாறியிருக்கும். நகலெடுத்த முகவரியில் %25 தொடர்ந்து தென்பட்டால் இதுதான் நோய். ஆனால் இது எல்லா ஊர்களையும் பாதிக்கும். சில ஊர்கள் மட்டும் என்பதால் என் ஐயம் அடுத்ததன் மேல் விழுகிறது. ‘கொழும்பு’, ‘கோப்பாய்’ போன்றவற்றைக் கவனியுங்கள். ‘கொ’ என்பதைக் ககரத்துடன் ஒகரக் குறி என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முகவரியில் ஒன்று 18 எழுத்து, மற்றது 27. டேட்டாபேஸில் ஒரு வடிவமும் முகவரியில் மறு வடிவமும் இருந்தால் ஊர் கிடைக்காது. முகவரியில் இடுமுன்பும் சர்வரில் தேடுமுன்பும் நார்மலைஸ் கட்டளையால் எல்லாவற்றையும் என்எஃப்சி என்னும், குறியீடுகளை இணைத்து எழுதும் ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இரண்டும் பொருந்தும். ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதிலாக ளகரத்தையே தட்டச்சு செய்திருப்போரை மட்டும் இது காப்பாற்றாது. அதைத் தனியே திருத்த வேண்டும்.

கேள்வி: தேடிவிட்டு ஒரு புத்தகத்தின் வெளித்தளத்துக்குச் சென்று பேக் அழுத்தினால், சில சமயம் என் பக்கத்துக்குப் பதிலாக அடைப்புக்குறிகளும் மேற்கோள்களுமாக ஜேசன் தரவு திரை முழுவதும் வருகிறது. ரீஃப்ரெஷ் செய்தால் சரியாகிவிடுகிறது.
– திருநெல்வேலி வாசகர்

பதில்: ஃபெட்ச் கேட்ட முகவரியும் புஷ்ஸ்டேட் எழுதிய முகவரியும் உங்கள் தளத்தில் ஒன்றே என்று ஊகிக்கிறேன். எந்த வடிவில் விடை வேண்டும் என்று கேட்பவர் சொல்லும் அக்செப்ட் தலைப்பைப் பார்த்து, ஒரே முகவரியில் ஒருவருக்குப் பக்கமும் இன்னொருவருக்குத் தரவும் தருகிறீர்கள். உலாவியின் தற்காலிகச் சேமிப்பு முகவரியை வைத்தே பொருளை அடையாளம் காண்கிறது. பேக் அழுத்தும்போது, சேமிப்பில் இருப்பது பழையதா புதியதா என்று அதிகம் பாராமல் எடுத்து நீட்டிவிடும். கடைசியாக அந்த முகவரியில் சேமிக்கப்பட்டது தரவு, ஆகவே தரவு வருகிறது. சர்வரின் விடையில் வேரி என்ற தலைப்பில் அக்செப்ட் என்று குறித்தால் உலாவி இரண்டையும் பிரித்துப் பார்க்கும். எனினும் பக்கங்களின் நகலை இடையில் சேமித்துத் தரும் சில சிடிஎன் சேவைகள் வேரியை மதிப்பதில்லை. தரவுக்கு /ஏபிஐ/தேடல் என்பது போல் தனி முகவரி வைத்துவிடுவதே நான் பரிந்துரைப்பது. மனிதர் திறக்கும் முகவரி ஒன்று, நிரல் கேட்கும் முகவரி வேறொன்று.

கேள்வி: ?பக்கம்=2 என்று மட்டும் புஷ்ஸ்டேட்டுக்குக் கொடுத்தேன். /கடை/தேடல் என்ற பக்கத்தில் இருந்த நான், தளத்தின் முகப்பு முகவரியில் போய் நிற்கிறேன். இன்னொரு பக்கத்தில் முகவரி மாறியபின் படங்கள் வருவதில்லை.
– சென்னை வாசகர்

பதில்: பக்கத்தின் ஹெட் பகுதியில் பேஸ் என்ற டேக் இருக்கும், பாருங்கள், ஆங்குலர் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் சட்டகத்தில் எழுதிய தளங்களில் அது வழக்கமாகவே உண்டு. அரைகுறை முகவரிகளை உலாவி அந்த அடிப்படையிலிருந்தே கணக்கிடும், புஷ்ஸ்டேட்டும் அதற்கு விலக்கல்ல. லொகேஷன்.பாத்நேம் என்பதை முன்னால் சேர்த்து முழுப் பாதையாகக் கொடுங்கள். படங்கள் வராதது இதன் மறுபக்கம்: பேஸ் இல்லாத பக்கத்தில் முகவரி /கடை என்பதிலிருந்து /கடை/தேடல்/2 என்று ஆழமாகிவிட்டால், அதன்பின் சேர்க்கப்படும் படங்களின் அரைகுறை முகவரிகளும் அந்த ஆழத்திலிருந்தே தேடப்படும். சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதைகளை எழுதினால் தீர்ந்தது.

கேள்வி: முகவரியை வேறொரு டொமைனுக்கு மாற்ற முடியுமா?
– திருப்பூர் வாசகர்

பதில்: முடியாது. நெறிமுறை, டொமைன், போர்ட் மூன்றும் தற்போதைய பக்கத்துடன் ஒத்திருக்க வேண்டும்; இல்லையேல் பாதுகாப்புப் பிழை எழும். முடிந்திருந்தால், எந்தப் போலிப் பக்கமும் முகவரிப் பட்டையில் வங்கியின் பெயரைக் காட்டிக்கொண்டு கடவுச்சொல்லைக் கேட்கும்.

கேள்வி: 2011 வாக்கில் எழுதிய தளம் ஒன்றைப் பராமரிக்கிறேன். அதில் தேடல்கள் #!ஊர்=தஞ்சாவூர் என்று முகவரியில் ஏறுகின்றன. இதை மாற்றத்தான் வேண்டுமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: மாற்றுவது நல்லது, அவசரமில்லை. பக்கத்தை ஏற்றாமல் சர்வரிடம் கேட்கும் வசதி 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உடன் வந்துவிட்டது. 2005இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் அதற்கு அஜாக்ஸ் என்று பெயர் சூட்டியபின் எங்கும் பரவியது. ஆனால் முகவரியை ஏற்றாமல் மாற்றும் வசதி அப்போது இல்லை. # குறிக்குப் பின்னால் உள்ள பகுதியை மாற்றினால் மட்டும் பக்கம் ஏற்றப்படாது என்ற ஒரே ஓட்டையைத்தான் எல்லோரும் பயன்படுத்தினார்கள். புஷ்ஸ்டேட் 2010இல் குரோம் 5இலும், 2011இல் ஃபயர்ஃபாக்ஸ் 4இலும், 2012இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10இலும் வந்து சேர்ந்தது. அந்த இடைக்காலத்தின் மிச்சமே உங்கள் தளம். #! முகவரிகளைத் தேடுபொறி படிப்பதற்கு 2009இல் கூகுள் முன்வைத்த ஏற்பாட்டை அந்நிறுவனமே 2015இல் கைவிட்டது. ட்விட்டரும் 2012இல் அவற்றை விட்டு வெளியேறியது.

மாற்றும்போது ஒன்றை மறக்க வேண்டாம். # குறிக்குப் பின்னால் இருப்பதை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. ஆகவே பழைய முகவரிகளைச் சர்வரிலிருந்து திருப்பிவிட இயலாது. அந்தப் பகுதியைப் படித்து ரிப்ளேஸ்ஸ்டேட்டால் புதிய வடிவத்துக்கு மாற்றும் சிறு நிரல் ஒன்று முகப்புப் பக்கத்தில் நிரந்தரமாக இருந்தாக வேண்டும். எங்கோ ஒருவரின் புக்மார்க்கில் அந்தத் தஞ்சாவூர் இன்னும் இருக்கும்.

கேள்வி: மருத்துவப் பரிசோதனை முடிவைப் பார்க்கும் படிவத்தில் தொலைபேசி எண்ணும் பிறந்த தேதியும் கேட்கிறோம். இவற்றையும் முகவரியில் சேர்த்தால் ரீஃப்ரெஷ் செய்தாலும் முடிவு நிற்கும் என்கிறார் உடன் பணிபுரிபவர். பிறகு ரிப்ளேஸ்ஸ்டேட்டால் அழித்துவிடலாமாம்.
– புதுச்சேரி வாசகர்

பதில்: வேண்டாம். ரிப்ளேஸ்ஸ்டேட் அழிப்பது அந்த உலாவியின் ஒரு வரலாற்றுப் பதிவை மட்டுமே. தொலைபேசி எண்ணுடன் கூடிய முகவரி ஒருமுறை சர்வரைத் தொட்டுவிட்டால், கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளது உட்பட முழுவதும் அதன் பதிவேட்டில் எழுதப்பட்டுவிடும். என்ஜின்எக்ஸ், அப்பாச்சி இரண்டின் வழக்கமான பதிவேடுகளும் அப்படித்தான். எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று பிற தளங்களுக்குச் சொல்லும் ரெஃபரர் தலைப்பில், 2020இல் வந்த குரோம் 85 முதல் டொமைன் மட்டுமே இயல்பாகச் செல்கிறது என்பது ஆறுதல். ஆனால் உங்கள் பக்கத்துக்குள்ளேயே ஓடும் வெளியார் கணக்கீட்டு நிரல்கள் முகவரிப் பட்டையை முழுதாகப் படிக்கும். படிவத்தைப் போஸ்ட் முறையில் அனுப்புங்கள். சர்வர் அந்த அமர்வுக்குரிய, ஊகிக்க முடியாத, சில நிமிடங்களில் காலாவதியாகும் சீரற்ற குறி ஒன்றைத் தரட்டும். முகவரியில் அதை மட்டும் ரிப்ளேஸ்ஸ்டேட் செய்யுங்கள். ரீஃப்ரெஷ் செய்தால் முடிவு நிற்கும். அந்த முகவரியை வேறு கைபேசியில் திறந்தால், அமர்வு பொருந்தாததால், வெற்றுப் படிவம் வர வேண்டும். மதுரை வாசகரின் புத்தகத் தளத்தில் குறையாக இருந்தது இங்கே நீங்கள் சோதித்து உறுதி செய்ய வேண்டிய நடத்தை.